எத்ர கிராம் போட்டே?

மூன்று கோடையாக என் காருக்குக் கேஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மார்ச் பிறந்தால் ஏ.சி.யில் காற்று வரும், குளிர் வராது. தோப்பும்படிப் பக்கம் ஒரு கடையில் கொண்டுபோய் விடுவேன். பையன் ஒரு நீலக் குழாயை மாட்டி, பத்து நிமிஷம் எதையோ திருகிவிட்டு, "கேஸ் கொறவாயிருந்நு, இப்போ ஓகே" என்பான். ஆயிரத்து இருநூறு ரூபாய். மழை இறங்கும்வரை ஓடும். அடுத்த மார்ச்சில் மறுபடியும் அதே கடை, அதே நீலக் குழாய். பெட்ரோல் தீர்வதுபோலக் கேஸும் ஓட ஓடத் தீர்ந்துபோகும் என்றே நினைத்திருந்தேன்.

தீராது. அது அடைத்த வட்டம். கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்கி முன்னால் இருக்கும் கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்றில் சூட்டை விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளை வழியாகப் பீறிட்டு, டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாகும்போது வண்டிக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் கம்ப்ரஸருக்கே வருகிறது. பத்து வருஷம் ஆனாலும் அதே கேஸ்தான் சுற்ற வேண்டும். குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை. இன்னொன்றும் அப்போது எனக்குத் தெரியாது: இந்தச் சின்னக் கம்ப்ரஸர்களுக்கு எண்ணெய் கேஸோடு கலந்தேதான் சுற்றி வந்து சேரும். கேஸ் குறைந்தால் எண்ணெய் திரும்பி வராது. ஓட்டை வழியாகக் கொஞ்சம் வெளியேயும் போகும். மூன்று கோடையாக நான் கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தேன். எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

எனக்குத் தென்காசிப் பக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டிக்குக் கணக்கெழுத வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வீடு செரளாயியில் ஒரு சந்துக்குள். பக்கத்துப் பழைய கோடவுனின் முற்றத்தில் கார் நிறுத்த இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இஞ்சி, மிளகு, பூனை எல்லாம் கலந்த ஒரு மணம் அந்த முற்றத்துக்கு உண்டு. மூன்று வீடு தள்ளி ஓர் இக்கா இருக்கிறார். நாற்பது வருஷம் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் பிளான்ட் ஓட்டியவர். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் அந்தத் துறைமுகத்தில் படகைக் கட்டித்தான் ஆழ்கடலுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஐஸ் கொடுத்தே அவருக்குக் குமரித் தமிழ் வந்துவிட்டது. கொச்சிக்காரர்களுக்குக் குளிர்ப்பதன வேலை கைவந்ததற்கு இறால்தான் காரணம் என்று சொல்லலாம். 1950களில் உறைய வைத்த இறாலைக் கப்பலேற்றத் தொடங்கியது இந்த ஊர். 1957இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் இங்கேதான் வந்தது. ஐஸ் பிளான்ட்டின் அம்மோனியாவோடு பழகிய அந்தத் தலைமுறையில் மிச்சமிருக்கிறவர்களில் இக்கா ஒருவர்.

இரண்டாவது கோடையில், கேஸ் அடித்துவிட்டு வந்து நிறுத்தியபோது அவர் திண்ணையிலிருந்து சொன்னார்: "மோனே, கேஸ் கொறஞ்சா ஓட்டை உண்டு. அதை நோக்கு." நான் சிரித்தேன். "இக்கா, இது ஐஸ் கம்பெனி இல்ல, கார்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

ஓட்டைக்கு அடையாளமும் என் கண்முன்னே இருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால், கண்டென்ஸரின் கீழ் மூலையில், குழாய் சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. அதில் புழுதி ஒட்டிக் கறுத்துக் கிடக்கும். ஏ.சி. வேலை தெரிந்தவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, கூடவே கசியும் எண்ணெய் தெரியும். நான் என்ன செய்தேன் என்றால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டி கழுவும்போது பழைய பனியன் துணியால் அதைப் பளிச்சென்று துடைத்துவிடுவேன்.

போன வருஷம் மார்ச் கடைசியில் வில்லிங்டன் தீவுப் பாலத்தில் ஏறும்போது 'கரகர' என்று ஒரு சத்தம். அடுத்து பெல்ட் வீறிட்டது, ரப்பர் கருகும் வாடை. ஏ.சி.யை அணைத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. கடையில் பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் இறுகிவிட்டது, புதுசு மாற்ற எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் என்றார்கள். அன்று இரவு முழுக்க யூடியூப் பார்த்தேன். எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் தன் வீட்டு வாசலில் முக்கால் மணி நேரத்தில் கம்ப்ரஸரை மாற்றிக் கேஸும் போட்டுவிட்டுச் சிரிக்கிறார். அவர் கையில் எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் ஸ்பானர்கள்தான். என்னிடமும் இருந்தன.

எர்ணாகுளத்தில் கேஜ் செட் ஒன்று வாங்கினேன்: நீலம் தாழ்ந்த அழுத்தத்துக்கு, சிவப்பு உயர்ந்த அழுத்தத்துக்கு, நடுவில் மஞ்சள் குழாய். முதல் காரியமாக வண்டி ஓடாத நிலையில் மாட்டிப் பார்த்தேன். இரண்டு முள்ளும் 95 பி.எஸ்.ஐ. பக்கத்தில் நின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். கேஸ் நிறைய இருக்கிறது, அப்படியானால் ஓட்டை இல்லை, இக்கா சொன்னது தப்பு, கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதும். இப்படி ஒரே முள்ளிலிருந்து நாலு முடிவுக்கு வந்தேன். அன்றைக்கு வெயில் 30 டிகிரி. காரில் இருக்கும் 134ஏ என்ற கேஸ் 30 டிகிரியில், கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை, கிட்டத்தட்ட 97 பி.எஸ்.ஐ.தான் காட்டும். உள்ளே 100 கிராம் இருந்தாலும் அதுதான், 500 கிராம் இருந்தாலும் அதுதான். அந்த முள் எனக்குக் காட்டியது மட்டாஞ்சேரியின் அன்றைய வெயிலை.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் இறங்கினேன். முதலில் இருக்கிற கேஸை எடுக்க வேண்டும். அதற்கு ரிக்கவரி மெஷின் என்று ஒன்று உண்டு, என்னிடம் இல்லை. வால்வின் மூடியைக் கழற்றி, நடுவில் நிற்கும் ஊசியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினேன். 'புஸ்ஸ்' என்ற சீறலில் கோடவுன் பூனைகள் எல்லாம் சுவரேறிப் பாய்ந்தன. கேஸோடு எண்ணெய்ச் சாரலும் வந்தது. விரல் நுனியில் வெள்ளையாகப் பனி படிந்து, சுரீர் என்று எரிந்தது. 134ஏ கொதிக்கும் நிலையே மைனஸ் 26 டிகிரி. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதன்மேல் குனிந்துகொண்டிருந்தேன். கண்ணில் பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதித் தர வேண்டியிருக்கும்.

விரலைவிட அதிகமாக இப்போது உறுத்துவது அந்தச் சீறல்தான். முன்பெல்லாம் கார்களில் ஆர்-12 இருந்தது. அதன் குடும்பத்துக் கேஸ்கள் ஓசோன் படலத்தைத் தின்கின்றன என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1987இல் மாண்ட்ரீல் உடன்பாடு வந்தது, இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. ஆர்-12 போய் 134ஏ வந்தது. இது ஓசோனைத் தொடாது, ஆனால் சூட்டைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ 134ஏ வானத்தில் கலந்தால், நூறு வருஷக் கணக்கில், 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. அதனால்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் இதையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் இது கிடையாது. என் வண்டியில் 200 கிராம் மிச்சம் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 286 கிலோ ஆகிறது. பெட்ரோலில் சொன்னால் சுமார் 124 லிட்டர். என் காரில் தென்காசிக்கு நாலு தடவை போய்வரலாம். அத்தனை பெட்ரோலையும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையில் அரை நிமிஷத்தில் எரித்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு, இனி கழட்டலாம்" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினேன்.

கழற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெல்ட்டைத் தளர்த்தி, மேக்னட் கிளட்சின் வயரைப் பிரித்து, இரண்டு குழாயையும் விடுவித்து, அடியிலிருந்து மூன்று போல்ட். உப்புக்காற்று ஊரில் எந்த போல்ட்டும் கேட்டவுடன் வராது. மூன்றாவது போல்ட் மதியம்வரை பிடித்தது. கம்ப்ரஸர் கையில் வந்ததும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். எண்ணெய் என்று பார்த்தால் கரித்தூளைக் குழைத்ததுபோல் ஒன்று மெதுவாக இறங்கியது. விரலில் தேய்த்தால் மினுமினுத்தது, இரும்பும் அலுமினியமும். இறுகும்போது தன்னைத்தானே அரைத்துப் பொடியாக்கிக் குழாய் முழுக்க அனுப்பியிருக்கிறது. இதைப் பார்த்தபின் எந்த மெக்கானிக்கும் குழாய்களைக் கழுவாமல், வால்வையும் டிரையரையும் மாற்றாமல் அடுத்த கம்ப்ரஸரைத் தொடமாட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். மறுபடியும் அதே பனியன் துணி.

டிரையர் என்பது சின்ன அலுமினிய உருளை. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும். காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் அந்த மணிகள் வயிறு நிரம்பி ஓய்ந்துவிடும். அதன்பிறகு அது வெறும் டப்பா. புது டிரையர் 650 ரூபாய். பழையதைக் குலுக்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருப்பதுபோல் தோன்றியது.

அதற்குள் சாயங்காலம். வாங்கி வைத்திருந்த ரீகண்டிஷன் கம்ப்ரஸரை அடுத்த நாள் மண்டி முடிந்து வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று, குழாய் வாய்களில் பால் பாக்கெட் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுப் போய்விட்டேன். கம்ப்ரஸர் ஆயில் பாட்டிலையும் மூடியை ஒப்புக்குத் திருகி டிக்கியில் வைத்தேன். ராத்திரி ஒரு கோடை மழையும் பெய்தது. 30 டிகிரியில், எங்கள் ஊரின் 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றுக்குள் 24 கிராம் தண்ணீர் மிதக்கிறது. காருக்கான பி.ஏ.ஜி. எண்ணெயோ, திறந்து வைத்த உப்பு டப்பாவைப்போல ஈரத்தை இழுக்கிற ஜாதி.

மறுநாள் மண்டியில் வயநாட்டு லோடு வந்தது. ஈரம் பார்த்தோம், 12.5 சதவீதம். மலபார் கார்பிள்டு முதல் தரத்துக்கு 11க்கு மேல் கூடாது. திருப்பி உலர்த்தச் சொல்லி அனுப்பினேன். கொண்டுவந்தவர் எவ்வளவோ கெஞ்சினார். "ஈரத்தோட கட்டினா ஒரு மாசத்துல பூசணம் பூக்கும், என் பேரும் சேர்ந்து போகும்" என்று கறாராகச் சொன்ன ஞாபகம் இருக்கிறது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, இரவெல்லாம் வாய் திறந்து கிடந்த குழாய்களில் கம்ப்ரஸரை மாட்டினேன்.

வாக்வம் பம்ப் ஒருநாள் வாடகை 400 ரூபாய், ஒன்பது மணிக்குள் திருப்ப வேண்டும். வாக்வம் போடுவது காற்றை எடுக்க மட்டும் என்று நினைத்தேன். காற்று பத்தே நிமிஷத்தில் போய்விடும். உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீர்தான் நேரம் எடுக்கும். அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொடைக்கானலில் அரிசி வேக நேரமாவது இதனால்தான். 30 டிகிரியில் அது கொதித்து ஆவியாக வேண்டுமானால் முள் 28.7 அங்குலத்தைத் தாண்டி இறங்க வேண்டும். இறங்கிய பிறகும் அரை மணி, முக்கால் மணி பம்ப் ஓட வேண்டும். அப்புறம் வால்வை மூடிவிட்டு முள் நகர்கிறதா என்று காத்திருக்க வேண்டும். நகர்ந்தால் ஓட்டை. எனக்கு முள் 28இல் நின்றது, பத்து நிமிஷம். திருப்திப்பட்டு, காத்திருக்காமல், பம்பைக் கட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்து, கேஸ் போடும் கட்டம். 450 கிராம் கேன் மூன்று வாங்கியிருந்தேன். எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யை முழுக்க வைத்து, கேனை மாட்டித் திறந்தேன். கேஸ் உள்ளே இழுபடும்போது கேன் சில்லிட வேண்டும், அதுதான் இயல்பு. என் கையில் இருந்த கேன் வெதுவெதுப்பானது. ஒரு கணம் புரியவில்லை. அடுத்த கணம் சுட்டது. பார்த்தால் நீலத்துக்குப் பதில் சிவப்புக் குமிழைத் திருகியிருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸரின் உயர் அழுத்தம் குழாய் வழியாகக் கேனுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மெல்லிய தகரம் அதற்குச் செய்ததல்ல. வெடித்துக் கை போனவர்கள் உண்டு என்று பிறகு இக்கா சொன்னார். குமிழை மூடிவிட்டுக் கோடவுன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டிலிருந்து "சாப்பிட வரலியா?" என்று குரல் வந்தது. "ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்றேன்.

பிறகு நீலத்தைத் திறந்து ஒரு கேன். கொஞ்சம் குளிர்ந்தது. இன்னொன்று போட்டால் இன்னும் குளிரும் என்று இரண்டாவது கேன். நன்றாகவே குளிர்ந்த மாதிரி இருந்தது. எவ்வளவு கேஸ் என்பது பானட்டின் உள்பக்கம் ஸ்டிக்கரில் அச்சடித்திருந்தது. பதினொரு வருஷத்துத் தூசிக்குள் இருந்த அதை நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் துடைக்கிற நான் அதை மட்டும் துடைத்ததில்லை.

பதினொரு நாள் ஓடியது. அந்தப் பதினொரு நாளில் மண்டியில் நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. "ஒண்ணுமே இல்லீங்க, நாலு போல்ட்டு. இவனுங்க 14,500 கேக்குறானுங்க."

விஷுவுக்கு முன்னால் மாமியார் தென்காசியிலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸில் வந்தார். எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷனுக்குக் காரோடு போனேன். ஏறியதும் ஏ.சி.யைக் கூட்டி வைத்து, "எப்படி இருக்கு அத்தை?" என்றேன். "குளுகுளுன்னு இருக்கு மாப்ள." தேவரா தாண்டும்வரை குளுகுளுவென்றுதான் இருந்தது. சிக்னலில் நின்றபோது 'டக்' என்றது கிளட்ச். சூடான காற்று. நகர்ந்ததும் குளிர், நின்றதும் சூடு. அளவுக்கு மிஞ்சிய கேஸ் கண்டென்ஸரில் நின்று அழுத்தம் ஏற, பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திக்கொண்டிருந்தது. வண்டி எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் ஃபேனைக் கூட்டினேன். பாலத்தில் அதே பழைய 'கரகர', அதே ரப்பர் வாடை. மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டு, நான் கேட்காமலே, "கண்ணாடிய எறக்குங்க மாப்ள, கடல் காத்து வரட்டும்" என்றார். பின் சீட்டில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ரீகண்டிஷன் விற்றவரிடம் போனேன். புது டிரையர் வாங்கின பில் இருந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். தொழிலில் அது வழக்கமான நிபந்தனைதான். வாங்கும்போதே சொல்லியும் இருந்தார், சீட்டிலும் அச்சடித்திருந்தது. குற்றம் அவருடையது இல்லை.

இக்காவின் திண்ணைக்குப் போக எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஐஸ் கம்பெனி, கார் என்று நான் சிரித்த சிரிப்பு நடுவில் நின்றது. போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"எத்ர கிராம் போட்டே, மோனே?"

"லோ சைடு நாற்பது பி.எஸ்.ஐ. வரைக்கும் பார்த்துப் போட்டேன், இக்கா."

"பி.எஸ்.ஐ. ஞான் கேட்டதில்லல்லோ. கிராம்."

வாயடைத்து நின்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி கட்டன் சாயா கொண்டுவந்தார்கள். இக்கா அவர்களையே காட்டிக் கேட்டார்: "வீட்டுல கேஸ் சிலிண்டர் தீர்ந்தோ இல்லியோன்னு இவ எப்படி நோக்கும்? அடுப்புத் தீயப் பாத்தா?" இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சிலிண்டரை ஒரு கையால் சாய்த்துத் தூக்கிப் பார்ப்பாள். கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை தீ ஒரே மாதிரிதான் எரியும். கனம்தான் சொல்லும். "நீ மண்டியில மிளகு எப்படி எடுக்கும்?" என்று அடுத்ததாகக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. லிட்டர் பாத்திரத்தில் தலை தட்டி நிரப்பி எடை போட்டால் 550 கிராம் நிற்கும் மிளகுக்கு ஒரு விலை, 500 என்றால் வேறு விலை. கண்ணுக்கு இரண்டும் ஒரே மிளகு. 1957இல் மிளகுக்கென்றே வாயிதாச் சங்கம் தொடங்கிய ஊர் இது. ஈரமும் எடையும் தெரியாமல் இங்கே ஒரு பிடி மிளகு கைமாறாது. அந்தக் கடைத்தெருவில் அந்த இரண்டை மட்டுமே பதினெட்டு வருஷமாக எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், வீட்டு முற்றத்தில் அந்த இரண்டையும் விட்டிருக்கிறேன்.

"சனியாழ்ச்ச ஒரு தராசு கொண்டு வா. நல்ல தராசு," என்றார்.

நல்ல தராசு என்றால் எனக்குத் தெரிந்தது மண்டியின் சாம்பிள் தராசுதான். பத்து கிலோ வரை கிராம் சுத்தமாகக் காட்டும். முதலாளியிடம் கேட்காமல் சனிக்கிழமை சாயங்காலம் பையில் வைத்து எடுத்து வந்தேன். இதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இக்கா ஒரு காலி சிலிண்டரும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பார் ஐஸும் வரவழைத்திருந்தார். சிலிண்டரை முதலில் வாக்வம் போட்டு, எடை பார்த்து எழுதச் சொன்னார். பிறகு உடைத்த ஐஸில் அதைப் புதைத்து, குழாயால் காரோடு இணைத்துத் திறந்தார். சத்தமே இல்லை. மெஷினும் இல்லை. சூடான பக்கத்திலிருந்து கேஸ் குளிர்ந்த பக்கத்துக்குத் தானாகப் போய்த் திரவமாக இறங்கிக்கொண்டிருந்தது. என் ஸ்க்ரூ டிரைவர் ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து சிலிண்டரைத் துடைத்துத் தராசில் வைத்தோம். 680 கிராம் ஏறியிருந்தது. எடுக்க முடியாமல் குழாய்க்குள் கொஞ்சம் நின்றிருக்கும், ஓட்டை வழியாகக் கொஞ்சம் போயிருக்கும். இக்கா பானட்டைத் தூக்கி, எச்சில் தொட்ட கட்டைவிரலால் ஸ்டிக்கரைத் தேய்த்தார். 400 கிராம், கூடவோ குறையவோ 20 என்று இருந்தது. ஈரமும் இரும்புத்தூளும் கலந்த அந்தக் கேஸை அப்படியே திரும்பப் போட முடியாது. சுத்தப்படுத்தும் மெஷின் வைத்திருக்கும் ஓர் எர்ணாகுளம் கடைக்கு அதைக் கொடுத்தோம்.

அடுத்து, ஓட்டை. நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றி, துணி துவைக்கும் சோப்பைக் கரைத்து பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனார். காற்றடித்துச் சோதிக்கக் கூடாதாம். காற்றோடு ஈரமும் உள்ளே போகும், எண்ணெய் இருக்கும் இடத்தில் அழுத்தமான காற்று ஆபத்தும்கூட. கண்டென்ஸரின் கீழ் மூலைக்கு வந்ததும் சோப்புநுரை மெல்ல உப்பியது, உடைந்தது, மறுபடி உப்பியது. சரியாக நான் ஞாயிறு தோறும் துடைத்த இடம். இக்கா என்னைப் பார்த்தார். நான் துணியைப் பற்றிச் சொன்னேன். அன்று முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான், ஆனால் நன்றாகச் சிரித்தார். உப்புக்காற்றில் அலுமினியம் அப்படித்தான் பொரியும், கடற்கரைக் கார்களுக்கு முதலில் போவது கண்டென்ஸர்தான் என்றார்.

இறுகிப்போன இரண்டாவது கம்ப்ரஸரைப் பிரித்தோம். முதலாமதன் கரித்தூள் இதன் பிஸ்டன்களைக் கீறியிருந்தது. எண்ணெய் சாம்பல் நிறத்தில் கலங்கியிருந்தது. தண்ணீரும் எண்ணெயும் கேஸும் சூட்டில் கூடினால் அமிலம் உண்டாகி உள்ளிருந்தே அரிக்கும். பதினொரு நாளுக்கு இது போதும்.

மூன்றாவது கம்ப்ரஸர், புதுக் கண்டென்ஸர், புது டிரையர், புது எக்ஸ்பான்ஷன் வால்வு. குழாய்களை ஃப்ளஷ் செய்து, நைட்ரஜனால் ஊதி உலர்த்தினோம். ஓ-ரிங் ஒவ்வொன்றையும் எண்ணெயில் தொட்டு மாட்டச் சொன்னார். எண்ணெயில்லாமல் மாட்டினால் திருகும்போது சுருண்டு கிழியும். கம்ப்ரஸரோடு வந்த எண்ணெயை அளந்து பார்த்து, கண்டென்ஸருக்கும் டிரையருக்கும் சேர வேண்டியதை மருந்து கொடுக்கிற சிரிஞ்சில் எடுத்து விட்டார். டிரையரின் மூடியை மட்டும் கடைசிவரை திறக்கவிடவில்லை. எல்லாம் இறுக்கி, பம்ப் தயாராக நின்ற பிறகு, "இப்போ" என்றார். திறந்து மாட்ட ஒரு நிமிஷம். அதற்குள்ளேயே அவர் அவசரப்படுத்தினார். வேறு எதற்கும் அன்று அவர் அவசரப்படவில்லை.

பம்ப் ஒரு மணி நேரம் ஓடியது. மூடிவிட்டு, பாலஸ் ரோடு வரை நடந்து சாயா குடித்துவிட்டு வந்தோம். முள் வைத்த இடத்திலேயே நின்றது. கேனைத் தராசில் நிறுத்தி, நேராகவே வைத்து, நீலக் குமிழை மட்டும் திறந்தார். கேனைக் கவிழ்த்தால் கேஸ் திரவமாகவே கம்ப்ரஸருக்குள் போகும். திரவத்தை எந்த பிஸ்டனாலும் அழுத்த முடியாது, உடையும். தராசில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. முதல் கேன் பாதிக்குமேல் காலியானபோதே காற்று சில்லென்றது. பழைய நானாக இருந்தால், சரி, ஒரு முழுக் கேன் போகட்டும் என்று விட்டிருப்பேன். 400 இறங்கியதும் மூடினார். கேனில் 50 கிராம் மிச்சம். "அது வேண்டாமா?" என்றேன். "வண்டிக்கு வேண்டா. உனக்கு வேணும்னா வெச்சோ."

வெளியே 33 டிகிரி, லோ சைடு 35, ஹை சைடு 210, காற்றுவாயில் வைத்த தெர்மாமீட்டரில் 8. வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கி, இருபது நிமிஷத்தில் ஒரு சின்னக் குட்டை கட்டியது. மட்டாஞ்சேரிக் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர். சுவரிலிருந்து ஒரு பூனை இறங்கி வந்து அதை நக்கிக் குடித்தது.

கணக்கெழுதுகிறவன் ஆனதால் இதையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு தடவைக்கும் சேர்த்து 25,850 ரூபாய். இக்கா காசு வாங்கவில்லை. இரண்டு கிலோ நல்ல மிளகு கொடுத்தேன். ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஈரம் எத்ர?" என்று கேட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய்த் தராசை அதன் இடத்தில் வைத்துவிட்டேன். துடைத்துத்தான் வைத்தேன். பத்து மணிக்கு முதல் சாம்பிளைத் தட்டில் கொட்டிய பையன் மூக்கைச் சுளித்தான். முதலாளி வந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். மிளகுக்காரர்களின் மூக்கை ஏமாற்ற முடியாது.

"என்ன ஆயில் வாடை இது?"

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், பனியன் துணி உட்பட. அவர் கேட்டுக்கொண்டே சாம்பிளை வேறு தட்டுக்கு மாற்றச் சொன்னார். தராசைச் சோப்புப் போட்டுத் துடைக்கச் சொன்னார், என்னைத்தான். பிறகு சற்று நேரம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"நம்ம வண்டிக்கும் வருஷா வருஷம் கேஸ் அடிச்சிட்டுத்தானே இருக்கோம்?"

இக்கா வீட்டுக்கு வழி சொன்னேன்.